மனிதக் கை படாத ஜாதகம்

1

இது முதலில் கதையே இல்லை. கணினி இதழ் ஒன்றுக்காக நான் எழுத உட்கார்ந்த கட்டுரை. பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புது மிஷினில் ஓட வைப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். இதிலென்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டேன். பழைய பெட்டியிலிருந்து பிளாப்பி டிரைவைக் கழற்றுங்கள், புதுப் பெட்டியில் மாட்டுங்கள், கேபிளின் சிவப்பு ஓரம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சமையல் குறிப்பு மாதிரி தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. பிளாப்பியிலிருந்து ஃபைல்களை நகலெடுக்கும் இடம் வந்தது. ‘இங்கே திரையில் பிழை என்று வந்தால் பதற்றப்படாமல்’ என்று எழுதினேன்.

அவ்வளவுதான். அந்த வாக்கியம் இன்னும் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.

ஏனென்றால் சரியாக அந்த இடத்தில், பதற்றப்படாமல், ஒரு பொத்தானை அமுக்கியவர் ஒருவர் இருந்தார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் முன்சீட்டில் யாரோ யாரிடமோ அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதால் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை நானே கட்டிக்கொண்டேன். பெயர்களும் என் கைச்சரக்குத்தான். இதழாசிரியர் கட்டுரைக்காக இன்னும் காத்திருக்கிறார், பாவம்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘அந்தக் காலத்தில் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் என்றால்—’

வேண்டாம். தொண்ணூற்றேழைப் போய் அந்தக் காலம் என்கிற அளவுக்கு எனக்கு இன்னும் வயதாகவில்லை.

இரண்டாம் முயற்சி:

‘ஆராவமுதன் நல்ல மனிதர்.’

அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே ஒருவரை நல்லவர் என்று சொன்னால் நீங்கள் உடனே அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

மூன்றாவது. இது நிற்கும் என்று தோன்றுகிறது:

ஆராவமுதனுக்கு ஜோசியம் தெரியாது. தெரியும் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதும் இல்லை. அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதற்குத் தெரிந்திருந்தது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கடை ராஜபாளையத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரில் கையால் ஜாதகம் கணிப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள், அங்கே கடை போட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ராஜபாளையத்தில் மில்லுக்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கும் போகிற ஜனங்கள், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். அவர்களில் பல வீடுகளில் பிள்ளை பிறந்தபோது ஜாதகம் எழுதியிருக்கவே மாட்டார்கள். கல்யாணம் என்று வந்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களே என்று தேதியையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டு ஓடி வருவார்கள். ‘கோழி கூவுன நேரம் சாமி’, ‘மில்லுல ரெண்டாஞ் சங்கு ஊதுன நேரம்’ என்பார்கள். ஆராவமுதன் அதை மணிக்கணக்காக மாற்றித் தட்டிவிடுவார். ஓரத்தில் துளைபோட்ட தாள் பிரிண்டரிலிருந்து கறகறவென்று இறங்கும். அவர் மனைவி ஸாவித்ரி அதைக் கிழித்து, மடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தருவாள். கடை வாசலில் பலகை: ‘மனிதக் கை படாத கம்ப்யூட்டர் ஜாதகம்.’

மஞ்சள் தடவுகிற கையைக் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

3

(கட்டுரைக்காகச் சேகரித்ததை இங்கே செலவழித்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் சமாசாரம் அலுப்பாக இருந்தால் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டே வாருங்கள், போதும்.)

எண்பத்தொன்பதில் மதுரையில் ஒருவரிடம் மிஷினும் ஜாதகப் புரோகிராமும் சேர்த்தே வாங்கியிருந்தார். விற்றவர் அதன்பின் எந்த ஊருக்குப் போனார் என்று தெரியாது. தொண்ணூற்றாறு கடைசி மழையில் கடை ஒழுகி அந்த மிஷின் செத்தது. தை பிறந்ததும் பென்டியம் வாங்கினார். புதுப் பெட்டியில் விண்டோஸ் இருந்தது. அதற்குள் போய் ஜாதகப் புரோகிராமைக் கூப்பிட்டால் ‘டாஸ் பதிப்பு சரியில்லை’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு அது வெளியே வந்துவிடும். தன்னோடு பிறந்த பழைய ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸ் இருந்தால்தான் ஆச்சு என்று ஒரே பிடிவாதம்.

ஸாவித்ரியின் தம்பி வேங்கடேசன் மதுரையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். “தூக்கிப் போடுங்கோ அத்திம்பேர். புதுசா ஜாதகப் பாக்கேஜ் வந்திருக்கு, வாங்கிப் போடறேன். இது காயலாங்கடைச் சரக்கு” என்றான்.

இதுதான் ஆராவமுதனுக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷம் சோறு போட்டதைக் காயலாங்கடை என்கிறான், நேற்றுப் பையன். “எங்கிட்ட இருக்கற டாஸே போறும். ஓட்டிக் காட்டறேன் பாரு” என்றார்.

ஓட்டியும் காட்டினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். செத்த மிஷினின் வயிற்றிலிருந்து பெரிய பிளாப்பி டிரைவை எடுத்துப் புதியதில் மாட்டினார். பழைய டாஸுக்குப் புது ஹார்ட் டிஸ்கின் அளவு எண்ணத் தெரியவில்லை, எண்ணுகிற இடத்திலேயே முழித்தது. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸை மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழித்துவிட்டு, டிஸ்கின் முன்பக்கம் ஒரு சின்ன மூலையை மட்டும் டாஸுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். மீதி மைதானம் முழுக்கச் சும்மா கிடந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் டாஸ் வந்து நின்றபோது வேங்கடேசனே வாயைப் பிளந்தான். என் கதாபாத்திரத்துக்கு அந்த நிமிஷத்தில் இருந்த பெருமையை நான் கெடுக்கப்போவதில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

4

பிறகு கிரக நிலைகள் இருந்த பிளாப்பிகளை நகலெடுத்தார். ஒரு பிளாப்பியில் பூஞ்சை. டிரைவ் கர்... கர்... என்று சுரண்டியது. திரையில் டாஸின் பழைய கேள்வி வந்தது. மூன்று வழிகள்: அபார்ட், ரீட்ரை, இக்னோர். விட்டுவிடு, மறுபடி முயற்சி செய், கண்டுகொள்ளாமல் மேலே போ.

ரீட்ரை என்று ஆர் தட்டினார். கர். மறுபடி ஆர். கர். பக்கத்தில் வேங்கடேசன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசலில் சேத்தூர்க் கருத்தையா, பெண்ணுக்கு ஜாதகம் வேண்டுமென்று நின்றிருந்தார். “சாமி, மாப்ள வீட்டுக்காரவிய நாளைக்கு வாராக. செத்த வெரசாப் பாத்துக் குடுங்க” என்று அவர் வேறு. மறுபடி ஆர். கர்.

“என்ன அத்திம்பேர், மூச்சு வாங்கறதா?” என்றான் வேங்கடேசன்.

ஆராவமுதன் ஐ தட்டினார்.

(முந்தின பிரதியில் அவரை இன்னொரு தடவை ஆர் தட்ட வைத்தேன். பிளாப்பி படித்துவிட்டது. கருத்தையா ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார், கல்யாணம் நடந்தது, கதை அத்தோடு முடிந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் காதில் விழுந்தது அதுவல்ல. கிழித்துப் போட்டேன்.)

சுரண்டல் நின்றது. நகல் முடிந்தது என்று திரை சொன்னது. “ஆச்சா?” என்றான் வேங்கடேசன். “ஆச்சு” என்றார். கருத்தையாவை உள்ளே கூப்பிட்டார். பெண் பெயர் தங்கபாய், எழுபத்தைந்து பங்குனியில் பொழுது விடிகிற நேரத்தில் பிறந்தவள். பென்டியம் கண் மூடித் திறப்பதற்குள் கணித்துவிட்டது. பழைய மிஷினில் அதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

படிக்க முடியாமல் போனது செவ்வாய்க் கணக்கில் ஒரு துண்டு, அதை டாஸ் காலியாக விட்டுவிடவில்லை. அதற்கு முந்தின துண்டில் இருந்ததையே அங்கேயும் எழுதிவைத்தது. அதனால் எழுபத்தைந்தின் முன்பாதியில் பிறந்தவர்களுக்கெல்லாம், முந்தின வருஷக் கார்த்திகை வாக்கில் செவ்வாய் எங்கே இருந்தானோ அந்த இடத்தில் செவ்வாய் வந்து உட்கார்ந்தான். தங்கபாய்க்கு உண்மையில் பதினோராம் வீட்டில், மகரத்தில் இருக்க வேண்டியவன். தாளில் எட்டாம் வீட்டில், துலாத்தில் இருந்தான். பெண்ணுக்கு எட்டில் செவ்வாய் என்றால் அந்தப் பக்கத்து வீடுகளில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கொடுமையான தோஷம், மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்பார்கள்.

புதுப்பட்டி மாப்பிள்ளை வீட்டார் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

5

அடுத்து வரும் பகுதியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எழுதாமல் விட்டால் ஆராவமுதன் தப்பித்துக்கொள்வார், அதனால் எழுதுகிறேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம் தங்கபாய் கடைக்கு வந்தாள். பேண்டேஜ் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தவள், தலையெல்லாம் பஞ்சு. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்று பார்த்தாள், யாரும் போவதாக இல்லை. கடைசியில் மேஜை மேல் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“சார், ஒரு கட்டத்துல இருக்கத எடுத்து இன்னொரு கட்டத்துல போட முடியாதா சார்?”

“என்னம்மா சொல்றே?”

“எட்டுல இருக்க செவ்வாயத்தான். வேற எங்கயாச்சும். அவருக்கு என்னையப் புடிச்சிருக்கு சார். எனக்கும் அப்பிடித்தான். அவிய அம்மாதான் இந்தத் தாளப் பாத்துட்டு ஒத்தக் கால்ல நிக்காக. வேற ஜாதகம் கொண்டாந்தா எடுத்துச் சொல்லிருவேன்னு அவரு சொல்லுதாரு.”

ஆராவமுதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலையும் உயர்த்தினார். அதை அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் வேண்டுமென்றேதான் செய்தார்.

“இதோ பாரும்மா. இது மிஷின். மனுஷா மாதிரி வேண்டியவா வேண்டாதவா இதுக்குக் கிடையாது. உனக்காக ஒரு கிரகத்தை நகர்த்தினா, நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நீ சொல்லுவியா? பொய் ஜாதகம் பண்ணித் தர்ற கடை இது இல்லே. வாசல்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாரு, போ.”

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. முந்தானையால் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டாள், இப்போதுதான் அது இருப்பதே தெரிந்தது மாதிரி. “சரி சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“இப்பிடி ஒரு நேர்மையான ஆள இந்தக் காலத்துல பாக்க முடியுமா சாமி!” என்றார் அங்கிருந்தவர்களில் ஒருவர். ஆராவமுதன் அடக்கமாகச் சிரித்தார்.

6

ஆடிப்பூரத் தேருக்கு அவர் தங்கை ஜயலக்ஷ்மி திருச்சியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாள். மகள் அரவிந்தவல்லிக்கு வரன் பார்க்கிறார்கள். கொஞ்ச நாள் முன்புதான் அண்ணா தபாலில் கம்ப்யூட்டர் ஜாதகம் அனுப்பியிருந்தார். வந்ததும் வராததுமாக ஜயலக்ஷ்மி இரண்டு தாள்களை எதிரே வைத்தாள். ஒன்று அவர் அனுப்பியது. இன்னொன்று குழந்தை பிறந்தபோது வீட்டுப் புரோகிதர் கையால் எழுதிக் கொடுத்தது.

“ஏன் அண்ணா, இவளுக்குச் செவ்வாய் மகரத்துல இல்லையோ? நீ துலாத்துல போட்டிருக்கே?”

“கையால எழுதினதுல தப்பு இருக்கும்” என்றார். சொல்லும்போதே பூஞ்சை பிடித்த பிளாப்பி நினைவுக்கு வந்தது. அரவிந்தவல்லியும் எழுபத்தைந்துதான்.

வீட்டு அலமாரியில் பழைய பஞ்சாங்கம் இருந்தது. பார்த்தார். மகரம்.

மறுநாள் ஊர் முழுக்கத் தேர் வடத்தில் இருந்தபோது அவர் பஸ் ஏறி ராஜபாளையம் போய்க் கடையைத் திறந்தார். ஸாவித்ரியும் கூட வந்தாள். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்து டிரைவின் தலையைத் துடைத்தார். பிளாப்பியின் உறையை மெல்லப் பிரித்து பூஞ்சையையும் துடைத்தார். உள்ளே போட்டார். கர் என்று ஒரு தடவை. ஆர் தட்டினார். படித்துவிட்டது.

அவ்வளவு சின்ன வேலை. ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. தையிலேயே செய்திருக்கலாம், வேங்கடேசன் சிரித்துவிட்டுப் போயிருப்பான், அவ்வளவுதானே! வெட்கத்தில் அவருக்குக் காது இரண்டும் சுட்டது. பிரிண்டரைப் போட்டு அரவிந்தவல்லிக்குப் புது ஜாதகம் எடுத்தார். செவ்வாய் மகரத்தில் உச்சமாக, தோரணையாக உட்கார்ந்திருந்தான்.

ஸாவித்ரி தாளை மடித்துக்கொண்டே கேட்டாள். “ஏன்னா, சித்திரையிலே ஒரு பொண்ணு வந்து கெஞ்சித்தே, சேத்தூர்ப் பொண்ணு. அதுவும் எழுபத்தஞ்சுதானே?”

“எனக்கு ஞாபகம் இல்லே.”

“எனக்கு இருக்கு. நீங்க போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுதே.”

“நீ சும்மா இருக்கியா? ஒண்ணொண்ணுக்கும் வீடு வீடாப் போய்ச் சொல்லிண்டு நின்னா நாளைக்கு எவன் கடைக்கு வருவான்?”

ஸாவித்ரி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

7

நடுவில் ஒரு இடைச்செருகல். உங்களில் சிலர் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. ‘செவ்வாய் மகரத்தில் இருந்தால் என்ன, துலாத்தில் இருந்தால் என்ன? எல்லாமே கட்டுக்கதைதானே? அப்படியிருக்க இதில் தப்பு எங்கே வந்தது?’

எனக்கும் ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. அந்த வழியாகவே ஆராவமுதனைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். ‘இல்லாத ஒன்றை இடம் மாற்றி வைத்ததால்—’ வாக்கியம் அதற்கு மேல் ஓடவில்லை. அந்தத் தாளைப் பார்த்துப் பயந்துபோன அம்மா உண்மை. திரும்பிப் போன மாப்பிள்ளை உண்மை. நான் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அவள் தலையில் இறங்கியது இறங்கியதுதான். இதைச் சாக்காகச் சொல்ல நினைத்ததே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

8

ஆவணி முழுக்கச் சேத்தூர் பஸ் கடை வாசல் வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. இந்த வாரம் போகலாம் என்று நினைப்பார். தங்கபாய்க்கு வேறு இடம் அமைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார். அவர்களாகவே வந்து கேட்டால் சொல்லிவிடலாம், வேண்டாமென்றா சொல்லப்போகிறோம் என்றும் நினைப்பார். வாசல் பலகையை மட்டும் ஒருநாள் கழற்றி உள்ளே சுவரோரம் திருப்பிவைத்தார். பெயிண்ட் அடிக்கக் கொடுக்க வேண்டும் என்று ஸாவித்ரியிடம் சொன்னார்.

புதுப்பட்டிப் பையனுக்கு ஐப்பசியில் வேறு பெண்ணோடு கல்யாணம் ஆயிற்று. ஜாதகம் பார்க்க வந்த புதுப்பட்டிக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். ஆராவமுதன் “அப்படியா, சந்தோஷம்” என்றார். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கார்த்திகையில் கருத்தையா வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை.

“மொதப் பத்திரிக்க ஒங்களுக்குத்தான் சாமி. தோசம் இருக்க புள்ளைக்குத் தோசம் இருக்க மாப்ளையாத்தான் பாக்கணும்னு சொல்லிட்டாக. சிவகாசிப் பக்கம் ஐயாதுரைன்னு. மொதச் சம்சாரம் காச்சல்ல போயிருச்சு, ஒரு பய இருக்கான். வயசு கொஞ்சம் கூட. என்ன செய்ய? நீங்க மட்டும் அன்னைக்கு உள்ளதச் சொல்லலன்னா, தெரியாமக் கட்டிக் குடுத்து ஒரு உசிரக் கொன்ன பாவம்லா எங்களுக்கு வந்திருக்கும்?”

சொல்லிவிட்டு அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆராவமுதனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வது?

(ஐயாதுரையைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன். அடிக்கிறவனாக்கிப் பார்த்தேன். அப்படி இருந்தால் கல்யாணத்தை நிறுத்துவது சுலபம், ஆராவமுதனும் ஒரே பாய்ச்சலில் வீரராகிவிடுவார். ஆனால் ஐயாதுரை பாவம், நல்ல மனிதன். தாயில்லாப் பிள்ளைக்கு ஒரு தாய் கிடைக்கிறாளே என்று வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறான்.)

9

முடிவுகள்.

அ. ஆராவமுதன் பேசாமல் இருந்துவிடுகிறார். மொய் எழுதி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். இது பெரும்பாலும் உலகத்தில் நடப்பது. எழுதினேன், நன்றாகவே வந்தது. படித்துப் பார்த்தபோது அவருக்குப் பக்கத்து இலையில் நானும் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டது போலிருந்தது.

ஆ. ஆண்டாள் சந்நிதியில் அவருக்கு மனம் திறந்து, கண்ணீர் வழிய— இல்லை. தினம் போகிற சந்நிதி. அப்படித் திறப்பதானால் ஆடியிலேயே திறந்திருக்கும்.

இ. டாஸ் காட்டிய மூன்று வழிக்கும் மூன்று முடிவு எழுதி, எது வேண்டுமோ அமுக்குங்கள் என்று உங்களிடம் நீட்டுவது. நண்பரிடம் சொன்னேன், கைதட்டினார். கைதட்டல் வாங்குகிற விஷயமா இது? விட்டுவிட்டேன்.

ஈ. போகிறார். இதைத்தான் எழுதப்போகிறேன்.

10

கல்யாணத்துக்கு முந்தின வாரம், காலை பஸ்ஸில் சேத்தூர் போய் இறங்கினார். கருத்தையா வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. அவரைக் கண்டதும் கருத்தையா தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“ஒக்காருங்க சாமி! நம்ம வீட்டுல ஒங்களுக்குத் தண்ணி குடுக்கதுக்கு இல்ல. ஒரு எட்டுல கடைக்குப் போயி கலரு வாங்கிட்டு வாரேன். ஏட்டி தங்கபாய், சாமி வந்துருக்காக, விசிறியக் கொண்டா!”

தம் வீட்டுத் தண்ணீரை ஐயங்கார் குடிக்க மாட்டார் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, மூடி போட்ட பாட்டில் வாங்க வெயிலில் ஓடினார். ‘தண்ணியே குடுங்கோ’ என்று சொல்ல ஆராவமுதன் வாயெடுத்தார். அதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

தங்கபாய் விசிறியோடு வந்தாள். சித்திரையில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். கையில் புது வளையல். “வாங்க சார்” என்றாள்.

இனித் தள்ளிப்போட இடமில்லை. தள்ளிப்போடுவதற்கு நானும் ஒரு வாக்கியம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர் சொன்னார். பிளாப்பியைச் சொன்னார், பூஞ்சையைச் சொன்னார், மச்சினன் கேலிக்குப் பயந்து பொத்தானை அமுக்கியதைச் சொன்னார். துலாம் இல்லை, மகரம் என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் விசிறியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அப்ப எனக்குத் தோசமே கெடையாதா?”

“கிடையாதும்மா.”

“மகரத்துல இருந்தா நல்லதா சார்?”

“ரொம்ப ஒசத்தி. உச்சம்னு சொல்லுவா.”

உள்ளே அம்மிச் சத்தம் கேட்டது. அப்புறம், “சித்திரையில வந்து கெஞ்சுனேன்ல சார். அப்ப ஒங்களுக்கு இது தெரியுமா?” என்றாள்.

“சத்தியமாத் தெரியாதும்மா. ஆண்டாள் மேல ஆணை!” வேகமாகச் சொன்னார். இது உண்மை. உண்மையைச் சொல்ல ஒரு இடம் கிடைத்ததே என்று அவருக்கு மூச்சே வந்தது. நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தும் உட்கார்ந்துவிட்டார்.

“பொறவு எப்பத் தெரியும்?”

11

இதற்கு மேல் நான் எழுதவில்லை.

‘நேத்துத்தாம்மா தெரிஞ்சுது, ஓடி வந்தேன்’ என்று ஒரு வரி எழுதினேன். அவள் நம்பிவிட்டாள். “நீங்க என்ன சார் செய்வீக” என்று அவரையே தேற்றவும் ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை, அடித்துவிட்டேன்.

‘ஆடிப்பூரத்துக்கே தெரியும்’ என்று எழுதினேன். ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் எத்தனை மாதம் என்று அவள் மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். புதுப்பட்டிப் பையன் அப்போது இன்னும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பான் என்ற இடத்துக்கு அவள் வந்து சேர்வதற்குள் தாளைத் திருப்பிவிட்டேன். அந்த முகத்தை எழுத எனக்கு யோக்கியதை போதாது.

இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கருத்தையா கையில் கலர் பாட்டிலோடு தெருமுனையில் திரும்பிவிட்டார், தூரத்திலிருந்தே சிரிக்கிறார். நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து அந்த நாற்காலியில் உட்காருங்கள். துடைத்துப் போட்டதுதான்.

“சொல்லுங்க சார்” என்கிறாள்.